காற்றில் வந்த நோயும் காரணம் கண்ட ஆராய்ச்சியும்

யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மேற்கே, ஆழமற்ற கடல் சூழத் தீவகம் என வழங்கும் சிறு நிலங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றாகிய வேலணைத் தீவின் கரையோரத்திலே அமைந்த ஊர் சாட்டி. உவர்நீரே மிகுந்த தீவுகளின் நடுவில் நன்னீர்க் கிணறுகளால் பெயர்பெற்றது இவ்வூர். கடற்பயணிகளின் காவலாகப் போற்றப்படும் சிந்தாத்திரை மாதா கோவிலும் இங்கே உண்டு. கடலை நம்பி வாழ்ந்தோர், கடலுக்கு அஞ்சியும் வாழ்ந்தனர் என்பதற்கு அக்கோவிலே சான்று. ஊர்காவற்றுறைக்கு வந்த பாய்க்கப்பல்கள் தென்னிந்தியக் கரையிலிருந்து நெல்லும் துணியும் கொணர்ந்தன. அதே கடல்வழியாக வாந்திபேதியும் வைசூரியும் வந்ததுண்டு. ஆனால், இவையெல்லாவற்றினும் மறைவாக வந்து, யாரும் அறியாமல் மிகுதியான உயிர்களைக் கொண்டுசென்றது வேறொரு நோய்க்கூட்டம். மூச்சின் வழியே வந்து மூச்சையே நிறுத்தும் நோய்கள் அவை.

வைசூரி கண்டவரை அவருடைய உடம்பே காட்டிக்கொடுக்கும். வாந்திபேதி எந்தக் கிணற்றிலிருந்து பரவுகிறதென ஆராய்ந்து அக்கிணற்றை மூடலாம். மூச்சு நோய்க்கோ அத்தகைய அடையாளம் இல்லை. அது தொடக்கத்தில் வெறுந் தடிமனாகத் தோன்றும், மூக்கு ஒழுகும், இருமல் வரும், உடம்பு சுடும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது தானே நீங்கிவிடும். எஞ்சிய சிலருக்கு, அதிலும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும், நெஞ்சில் இறங்கிச் சில நாட்களில் உயிரைப் போக்கும். தானே நீங்கும் தடிமன் எது, கொல்ல வந்த நோய் எது என்று பிரித்தறிவது எப்படி? மருத்துவ உலகம் இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்கு நூறாண்டுக்கும் மேலாகப் பாடுபட்டது. அந்த விடையின் ஒரு பகுதி தமிழ் நிலத்திலேயே கிடைத்தது.

தீவக மக்கள் காற்றை நன்கறிந்தவர்கள். சோளகம் எழும் காலம், கச்சான் வீசும் காலம், வாடை பெயரும் காலம் என ஆண்டைக் காற்றினாலேயே பகுத்தவர்கள். வாடை தொடங்கினால் தடிமனும் இருமலும் வரும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. தமிழ் மருத்துவமும் இந்நோய்களை வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் ஏற்றத்தாழ்வாக வகுத்துச் சொன்னது. யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் இந்த மரபின் செல்வங்கள். ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பதிப்பித்த பரராசசேகரத்தில் பாலரோக நிதானம் என்ற பகுதி குழந்தை நோய்களுக்கே உரியது. நோயின் குறிகளைக் கூர்ந்து நோக்கிய பழைய வைத்தியர்களின் கண்ணுக்குக் குறைவில்லை. ஆயினும் குறிகளுக்குப் பின்னால் நின்ற காரணம் கண்ணுக்கு எட்டாத சிறுமையுடையது. அதனைக் காணும் கருவி அக்காலத்தில் எந்நாட்டிலும் இல்லை.

பருவத்தைப் பற்றிய பழைய எண்ணம் முற்றிலும் பொய்யன்று. இன்றைய கணக்கெடுப்புகளும் இலங்கையில் இன்புளுவென்சா ஏப்ரல் முதல் ஜூன் வரையும், நவம்பர் முதல் ஜனவரி வரையும் மிகுவதைக் காட்டுகின்றன. காற்றே நோயன்று, காற்று மாறும் பருவம் நோய்க்கு வாய்ப்பளிக்கிறது என்பதே உண்மை.

மேனாட்டு மருத்துவம் யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிசனரிமார் மூலம் வந்தது. 1819இல் இலங்கை வந்த டாக்டர் ஜோன் ஸ்கடர், 1820இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கினார். 1847இல் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, தமிழ் இளைஞருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர் அரசாங்க வேலை தேடிப் பட்டினம் போவர்; தமிழில் கற்றவர் தம் ஊரிலே நின்று தம் மக்களுக்குப் பணிசெய்வர் என்பது அவர் கருத்து. அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய துறைகளில் அவரும் அவருடைய மாணாக்கரும் நூல்கள் மொழிபெயர்த்தனர். பொது நோய்களுக்குரிய வைத்தியாகரம் 1872இல் வெளிவந்தது.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார், 1884இல் மறைந்தார். அவர் காலத்து மருத்துவர் நெஞ்சிலே காதுவைத்துக் கேட்டு, நுரையீரல் எந்தப் பக்கம் பழுதுற்றது என்று சொல்ல வல்லவர். ஏன் பழுதுற்றது என்பதை அவராலும் சொல்ல இயலாது. குளிர், ஈரம், கெட்ட காற்று ஆகியவற்றையே பெரும்பாலோர் காரணமாகக் கொண்டனர். யாழ்ப்பாணத்து வைத்தியர் வாடையைச் சொன்னார். லண்டன் மருத்துவர் கெட்ட காற்றைச் சொன்னார். இருவருக்கும் இடையே இருந்த தூரம் அப்போது பெரிதன்று.

அந்த நிலையை மாற்றியவை அடுத்து வந்த சில ஆண்டுகள். 1881இல் பிரான்சில் பாஸ்டரும், அமெரிக்காவில் ஸ்டேர்ன்பேர்க்கும் ஒருவரையொருவர் அறியாமலே, இரட்டை இரட்டையாகத் தோன்றும் ஒரு நுண்ணுயிரைக் கண்டனர். நியுமோனியா என்னும் நுரையீரல் அழற்சிக்கு அதுவே பெருங்காரணம் எனப் பின்னர் உறுதியாயிற்று. அதனால் அதற்கு நியுமோகொக்கசு என்று பெயர். கிறீன் மறைந்த அதே 1884ஆம் ஆண்டில், பேர்லினில் ஆராய்ந்துகொண்டிருந்த டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறாம், நியுமோனியாவால் இறந்தோரின் நுரையீரலில் நுண்ணுயிர்களைச் சாயமேற்றிக் காட்டும் முறையை வெளியிட்டார். உலகின் ஆய்வுகூடங்களிலெல்லாம் இன்றும் கையாளப்படும் அம்முறை மூச்சு நோயின் காரணம் தேடப் பிறந்ததேயாகும்.

ஆனால் அறிவு வளரும் பாதை நேர்ப்பாதையன்று. 1889இல் தொடங்கி உலகெங்கும் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவிற்று. நோயாளரின் சளியிலிருந்து ஒரு சிறு பற்றீரியாவைப் பிரித்தெடுத்த ஜேர்மன் அறிஞர் ரிச்சட் பைபர், அதுவே இன்புளுவென்சாவின் காரணம் என்று 1892இல் அறிவித்தார். அவர் கோக் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர். அவர் சொல்லை மறுப்போர் அதிகம் இலர். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பாடநூல்கள் அதனையே கற்பித்தன. அந்தப் பற்றீரியாவுக்கு இன்புளுவென்சாவின் பெயரையே இட்டும் விட்டார்கள்.

அந்தக் கொள்கை சோதனைக்குள்ளான ஆண்டு 1918. முதல் உலகப் போர் முடியுந் தறுவாயில் எழுந்த இன்புளுவென்சாக் கொள்ளைநோய், 1918 ஜூனில் பம்பாயை அடைந்தது. முதல் அலை மென்மையாகவே சென்றது. செப்டெம்பரில் எழுந்த இரண்டாம் அலை கொடியது. நாடு முழுவதும் இருபாதைகளும் கப்பல்களும் அதனைக் கொண்டுசென்றன. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது ஆய்வாளர் பலரும் ஒப்பும் மதிப்பீடு. வழக்கமான தடிமன் குழந்தைகளையும் முதியோரையும் வருத்தும். இந்நோயோ உழைக்கும் பருவத்தினரான இருபது முதல் நாற்பது வயதுக்கு உட்பட்டோரைத் தேடித் தேடிக் கொன்றது.

இலங்கைக்கும் அது தப்பாமல் வந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் நீராவிக்கப்பல் ஓடிற்று. கொழும்புத் துறையிலோ உலகத்துக் கப்பல்களெல்லாம் தங்கிச் சென்றன. இத்தீவில் அந்நோய் பரவிய வரலாற்றை, மரணப் பதிவேடுகளையும் 1891 முதல் 1931 வரையான ஐந்து குடிசன மதிப்புகளையும் கொண்டு ஆராய்ந்து, 2014இல் வெளியான ஓர் ஆய்வு பல உண்மைகளைத் தெளிவாக்கியது. நோய் வடபகுதியிலும் தென்பகுதியிலும் தனித்தனியே 1918 அக்டோபர் தொடக்கத்தில் உச்சமடைந்தது. மத்திய பகுதியில் 1919 மார்ச் தொடக்கத்தில்தான் உச்சம் கண்டது. இரு வேறு வாயில்களால் நோய் இத்தீவினுள் புகுந்ததென்பதற்கு இது அடையாளம்.

அதே ஆய்வு, நோயினால் இலங்கை இழந்த மக்கள்தொகையை 3,07,000 என மதிப்பிட்டது. அக்கால மக்கள்தொகையில் இது நூற்றுக்கு 6.7 பங்கு, ஏறக்குறைய பதினைந்து பேருக்கு ஒருவர் வீதம். முன்னர் சொல்லப்பட்ட கணக்குகளைவிட இது மிகப் பெரிது. இந்த இழப்பில் இறந்தோர் மட்டுமன்றி, நோயினால் பிறவாது போன குழந்தைகளும் அடங்குவர். அத்துடன், இன்புளுவென்சாவால் இறந்த பலர் அந்நோயின் பெயரால் பதிவாகவில்லை என்பதும் இதனால் புலனாகிறது. காரணம் அறியாத காலத்தில், காய்ச்சல் என்ற ஒரு சொல்லே எத்தனையோ மரணங்களுக்குப் போதுமான விளக்கமாக இருந்தது. புரட்டாசி மாதத்தின் பிற்பகுதியில், வாடைக்கு முன்னே வந்த அந்நோய் வடபகுதியை வருத்தியபோது, தீவகத்து வைத்தியரும் அறியவில்லை. கொழும்பு மருத்துவரும் அறியவில்லை. உலகப் பேரறிஞரும் அதன் காரணத்தை அறியவில்லை.

ஆய்வுகூடங்களில் அவ்வாண்டு பெருங் குழப்பம் நிலவிற்று. பைபரின் பற்றீரியா சில நோயாளரிடம் காணப்பட்டது. வேறு பலரிடம் காணப்படவில்லை. நியுமோகொக்கசு சிலரிடம் இருந்தது. பிற பற்றீரியாக்கள் வேறு சிலரிடம் இருந்தன. பைபரின் பற்றீரியாவைக் கொண்டு செய்த தடுப்பு மருந்துகள் கொள்ளைநோயைத் தடுக்கவில்லை. ஒரு நோய்க்கு ஒரே காரணம் இருக்குமாயின், அது நோயுற்றோர் எல்லாரிடமும் இருத்தல் வேண்டும் அன்றோ? இந்த எளிய நியாயமே இருபத்தைந்து ஆண்டுக் கொள்கையை அசைத்தது.

உண்மை வெளிப்பட மேலும் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1931இல் அமெரிக்க அறிஞர் றிச்சட் ஷோப், பன்றிகளின் இன்புளுவென்சாவுக்குக் காரணம் பற்றீரியாவையும் தடுக்கும் நுண்வடிகளின் ஊடே கசிந்து செல்லக்கூடிய வைரசு என்று காட்டினார். 1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் அன்றூஸ், பற்றிக் லெய்ட்லோ ஆகிய மூவரும், நோயுற்ற மனிதரின் தொண்டை கழுவிய நீரை வடித்து, பெரற் என்னும் கீரி போன்ற சிறு விலங்கின் மூக்கில் இட்டனர். அவ்விலங்குக்குக் காய்ச்சல் கண்டது, தும்மல் எழுந்தது. மனித இன்புளுவென்சாவின் வைரசு அன்று பிடிபட்டது. பின்னர் 1936இல், நோயுற்ற அத்தகைய விலங்கொன்று ஆய்வாளர் ஒருவரின் முகத்திலே தும்ம, அவரும் நோயுற்றார். அவரிடமிருந்தும் அதே வைரசு எடுக்கப்பட்டது. காரணமும் காரியமும் ஐயத்துக்கு இடமின்றி இணைந்தன. 1918ஆம் ஆண்டின் வைரசோ, அலாஸ்காவின் பனிநிலத்தில் புதைந்த உடலொன்றிலிருந்தும் பாதுகாத்து வைக்கப்பட்ட நுரையீரல் துணுக்குகளிலிருந்தும் மெல்ல மெல்லப் படிக்கப்பட்டு, 2005இல் அதன் மரபுக்கட்டமைப்பு முழுமையாக அறியப்பட்டது.

அப்படியாயின் பைபர் கண்டது வீண்தானா? இல்லை. 1918இல் இறந்தோரின் நுரையீரல் துணுக்குகளைப் பிற்காலத்தார் மீண்டும் சோதித்தபோது, பெரும்பாலோரை இறுதியிற் கொன்றது வைரசைத் தொடர்ந்து வந்த பற்றீரியாக்களின் நியுமோனியா என்று தெரிந்தது. வைரசு வேலியை முறித்தது; பற்றீரியா பயிரை மேய்ந்தது. பைபரின் பற்றீரியாவில் ஒரு வகை, குழந்தைகளுக்கு நியுமோனியாவையும் மூளையுறை அழற்சியையும் விளைக்கும் கொடியது எனப் பின்னர் துலங்கிற்று. செய்யாத குற்றத்துக்காகப் பெயர் பெற்ற அது, செய்த குற்றத்துக்காக நெடுங்காலம் பிடிபடாமல் இருந்தது. அதற்கெதிரான தடுப்பு மருந்து இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2008இல் சேர்ந்தது. இன்று சாட்டியிற் பிறக்கும் குழந்தையின் தடுப்பூசிக் குறிப்பிலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

வைரசு இன்னதென்று அறிந்ததனால் அடுத்த கொள்ளைநோயை உலகம் விழிப்போடு எதிர்கொண்டது. நீலகிரியின் குன்னூரில், 1907இல் நிறுவிய பாஸ்டர் நிலையத்தில் 1950இல் இன்புளுவென்சா ஆய்வு மையம் ஏற்பட்டது. 1957 மே மாதத்தில் ஆசிய இன்புளுவென்சா, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பல் வழியே இந்தியாவினுள் புகுந்தது. குன்னூர் ஆய்வாளர் வைரசைப் பிரித்தெடுத்து, அது முன் அறிந்த வகையன்று எனக் கண்டனர். இந்தியா முழுவதும் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. பதிவான மரணங்களோ ஆயிரத்தைச் சற்றே கடந்தன. அந்த வைரசு 1918ஆம் ஆண்டினதைவிட மென்மையானது என்பது ஒரு காரணம். இடையிலே பெனிசிலின் முதலிய மருந்துகள் பிறந்து, பின்தொடரும் பற்றீரியாக்களை அடக்கக் கூடியதாயிருந்தது மற்றொரு காரணம்.

இவ்வளவு அறிந்த பின்னும் முதற் கேள்வி நின்றது. ஆய்வுகூடம் தொலைவிலே, குழந்தை இருமுவது வீட்டிலே. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஒரு குழந்தைக்கு இரவில் இருமலும் காய்ச்சலும் கண்டால், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லக் கடல் கடக்க வேண்டும். இருமும் குழந்தைகளையெல்லாம் படகேற்ற இயலாது. ஏற்ற வேண்டிய குழந்தையை ஏற்றாமல் விட்டால் உயிர் நில்லாது. ஊடுகதிர்ப் படமும் மருத்துவரும் இல்லாத இடத்தில், எந்தக் குழந்தைக்கு நியுமோனியா என்று ஒரு தாய் அறிவது எப்படி?

1984இல் பப்புவா நியூகினியில் பிராங்க் ஷான் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் இக்கேள்வியை ஆராய்ந்து, மூச்சு விரைவே நல்ல குறி என்று கண்டனர். 1988இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான், மார்க் ஸ்டைன்ஹொவ் முதலியோர் தமிழ்க் குழந்தைகளிடையே செய்த ஆய்வு லான்செற் இதழில் வெளிவந்தது. மூச்சின் எண்ணிக்கையையும், மூச்சு இழுக்கையில் மார்புக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்வாங்குவதையும் கொண்டே நெஞ்சில் இறங்கிய நோயைப் பெரும்பாலும் பிரித்தறியலாம் என்று அவர்கள் காட்டினர். இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் எளிய விதியொன்றை வகுத்தது. அமைதியாக இருக்கும் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இவ்வெண்ணை எட்டினாலோ கடந்தாலோ அது விரைந்த மூச்சு. இருமும் குழந்தைக்கு விரைந்த மூச்சு இருப்பின் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். மார்பு உள்வாங்கினால் சிறிதும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், பண்டத்தரிப்பில் பணிதொடங்கிய ஜோன் ஸ்கடரின் பேர்த்தி என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தில் ஊன்றிய விதையின் வழித்தோன்றல் ஒன்று, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், கடலுக்கு அப்பால் கனிந்தது. அந்தக் கனி தீவகத்துக் குழந்தைக்கும் உரியதாயிற்று.

காரணங்களைத் தேடும் பணி அத்துடன் முடியவில்லை. 1956இல் முதலிற் கண்டறியப்பட்ட ஆர்.எஸ். வைரசு, வேலூர் ஆய்வுகளிலும் குழந்தைகளின் நெஞ்சு நோய்க்கு முதன்மையான வைரசாகக் காணப்பட்டது. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலுமாக ஏழு நாடுகளில் நடந்து 2019இல் வெளியான பேராய்வு, மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளின் கடும் நியுமோனியாவில் நூற்றுக்கு 61 பங்கு வைரசாலும் 27 பங்கு பற்றீரியாவாலும் விளைவதாக மதிப்பிட்டது. எய்ட்ஸ் நோய்க் கிருமி தொற்றாத குழந்தைகளுக்குரிய கணக்கு இது. ஆர்.எஸ். வைரசு மாத்திரமே 31 பங்குக்குக் காரணம். இருமலுக்கெல்லாம் பற்றீரியாக் கொல்லி மருந்து கேட்பது ஏன் தவறென்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. அடுப்புப் புகை, ஊட்டக்குறைவு, தாய்ப்பால் இன்மை ஆகியவை எந்தக் கிருமிக்கும் கதவு திறந்துவிடுகின்றன என்பதையும் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

1918க்கும் 2020க்கும் இடைப்பட்ட தூரத்தை யாழ்ப்பாணத்திலேயே அளந்து பார்க்கலாம். 2020இல் புதிய கொரோனா வைரசு உலகைச் சூழ்ந்தபோது, அதன் மரபுக்கட்டமைப்பு சில வாரங்களிலேயே வெளியாயிற்று. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் மட்டுமன்றி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ஆய்வுகூடமும் அவ்வாண்டே அவ்வைரசுக்கான சோதனையை நடத்திற்று. நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் உலகத்துப் பேரறிஞர் எவராலும் சொல்ல முடியாத விடையை, வடபகுதி மாதிரிகளைக் கொண்டே வடபகுதி ஆய்வாளர் சொன்னார்கள்.

எனினும் ஆய்வுகூடம் எவ்வளவு அண்மையில் வந்தாலும், இரவில் விழித்திருக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் இடையே அது வருவதில்லை. அங்கே இருப்பது அவள் கண்ணும், குழந்தையின் மார்பும், ஒரு கடிகாரமுமே. மருத்துவம் தமிழில் இருந்தால்தான் ஊரிலே நிற்கும் என்று கிறீன் கருதியது இக்காலத்துக்கும் பொருந்தும். அறுபது, ஐம்பது, நாற்பது என்ற மூன்று எண்களையும் மனத்திலே கொண்ட தாய், படகை எப்போது அழைக்கவேண்டும் என்பதைத் தானே அறிவாள். சிந்தாத்திரை மாதாவின் சந்நிதியில் கடற்பயணத்துக்காக வேண்டிக்கொள்ளும் ஊரிலே, அந்தப் பயணம் உரிய நேரத்தில் தொடங்குவதற்கு வேண்டிய அறிவும் இன்று அவளுடைய கையிலே இருக்கிறது.